டிரைவர் அடைக்கலத்தின் கூட்டாளிகள்

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம்தான் அடைக்கலம் ஆலங்குடி பஸ்ஸுக்கு டிரைவராக வந்தார். அப்போது ஓடியது கரி வண்டி. பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் பெரிய பீப்பாய் ஒன்றை மாட்டி, அதில் கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். கரி அள்ளிப் போடுவது கிளீனர் சேவுகன். டிக்கெட் கிழிப்பது கண்டக்டர் நாகராசு. மேட்டில் வண்டி திணறினால் ஜனங்கள் இறங்கிக் கூடவே நடப்பார்கள். யாரும் கோபித்துக்கொண்டதாக ஞாபகம் இல்லை. திருவரங்குளம் வருவதற்குள் எல்லார் சட்டையிலும் கரி ஏறியிருக்கும். அடைக்கலம் மட்டும் இறங்கும்போது துண்டை உதறித் தலைப்பாகை கட்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்து போவார்.

பிறகு டீசல் வண்டி வந்தது. மூன்று பேரும் பிரியவில்லை. கம்பெனியில் வேறு ரூட்டுக்கு மாற்றியபோது கூட, மூவரும் சேர்ந்து போய் முதலாளி முன்னால் நின்று பழைய ரூட்டையே வாங்கி வந்தார்கள்.

அறுபத்திரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் அடைக்கலத்துக்கு உடம்பு சரியில்லாமல் போனது. முதலில் கவனித்தது மனைவி கண்ணாத்தாள்.

"கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கே, அழுதீங்களா?"

"ஒன்னையக் கட்டுனப்ப அழுதது, இன்னும் வத்தல போல," என்று சிரித்தார். ஆனால் கால்களும் வீங்கின. செருப்பு நுழையவில்லை. பிரேக்கை மிதித்தால் வலித்தது.

நாகராசும் சேவுகனும் அவரைத் திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அடைக்கலத்தை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் இவர்களிடம் சொன்னார். "ரெண்டு கிட்னியும் கெட்டுப்போச்சு."

சேவுகனுக்குப் புரியவில்லை. நாகராசு சொன்னான், "ஆட்டுல குண்டிக்காய்ம்போமே, அதுடா."

"வெளிநாட்டுல ஒருத்தர் கிட்னிய எடுத்து இன்னொருத்தருக்கு வச்சுப் பாக்குறாங்க," என்றார் டாக்டர். "இங்க இன்னும் வரல. அங்கயே கூடப்பிறந்தவங்களோடதுதான் ஓரளவுக்கு ஒட்டுது."

"அவரு ஒத்தப் பிள்ளைங்க. ஆனா எங்க ரெண்டு பேருல யாருத வேணும்னாலும் எடுத்துக்கங்க. இன்னைக்கே எடுத்தாலும் சரி," என்றான் நாகராசு.

"அந்த ஆப்பரேசன் இங்க வந்தா சொல்றேன்," என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் நாகராசு முதலில் கேட்பது இதைத்தான். "வந்துருச்சுங்களா?" டாக்டர் இல்லையென்று தலையை ஆட்டுவார். உடம்பு நன்றாக இருந்தால்தான் எடுப்பார்கள் என்று யாரோ சொல்லி, சேவுகன் பீடியை விட்டான். நாகராசு இளநீராகக் குடித்தான்.

அடைக்கலத்துக்கு உப்பு ஆகாது. கண்ணாத்தாள் உப்பில்லாமல் சமைத்தாள். டிரிப் முடிந்து வீட்டுக்கு வரும் இருவரும் அதையே சாப்பிட்டார்கள். அவள் தனியாக உப்புப் போட்டுக் குழம்பு வைத்தபோது நாகராசு தள்ளி வைத்தான். "அண்ணனுக்கு எதுவோ அதையே ஊத்துங்க மதினி."

சாப்பிட்டுக்கொண்டே யாருடைய கிட்னியை வைப்பது என்று சண்டை நடக்கும்.

"சேவுகனோடது வேணாம்டா," என்பார் அடைக்கலம். "உள்ள பூராக் கரிதான் இருக்கும்."

"அப்ப என்னோடத வச்சுக்கங்க," என்பான் நாகராசு.

"ஒன்னோடத வச்சா தூக்கத்துல எந்திரிச்சு டிக்கெட் கேப்பேன்டா."

கண்ணாத்தாள் அடுப்படியில் நின்று சிரிப்பாள். அந்த நாட்களில்தான் வீட்டில் இவ்வளவு சிரிப்புச் சத்தம் கேட்டது என்று பின்னாளில் அவளே சொல்லியிருக்கிறாள்.

ஒருநாள் அவர்கள் போன பிறகு அடைக்கலம் அவளிடம் சொன்னார். "அந்த ஆப்பரேசன் நம்ம காலத்துல வராது, கண்ணாத்தா. எனக்குத் தெரியும். ஆனா ரெண்டு பயலும் தாரேன்னு நிக்கிறாய்ங்கள்ல, அத நெனச்சா கால் வலி தெரியல."

அடுத்த வருஷம் தை மாதம் பஸ்ஸில் போகவேண்டும் என்று ஆசைப்பட்டார். இருவரும் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்தார்கள். வம்பன் தாண்டியதும் முந்திரித் தோப்புகள் பூத்திருந்தன. வண்டியை நிறுத்தச் சொன்னார். புது டிரைவர் நிறுத்தினார். ஜன்னல் வழியே அந்த வாசனையை இழுத்துவிட்டு, "போலாம் ரைட்," என்றார். அது நாகராசு சொல்லவேண்டியது. அன்றைக்கு அவன் விசிலை மட்டும் ஊதினான்.

பங்குனியில் ஒரு விடிகாலையில், சேவுகன் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே அடைக்கலம் அடங்கிப்போனார். நாகராசு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கண்ணாத்தாள்தான் அவனை எழுப்பி, "தம்பி, ஆளுகளுக்குச் சொல்லணும், எந்திரிங்க," என்றாள்.

அன்று காலை டிரிப் போகவில்லை. புதுக்கோட்டைச் சந்தைக்குப் போக ஆலங்குடி ஸ்டாண்டில் ஜனங்கள் காத்திருந்தார்கள். சேவுகன் போய் விஷயத்தைச் சொன்னான். பிறகு தேங்காய்க்கூடை வைத்திருந்த ஒரு பெண் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "வீடு எங்கிட்டுத் தம்பி?" என்று கேட்டாள். பின்னாலேயே மற்றவர்களும் மூட்டையும் பையுமாக நடந்தார்கள்.