என் குதிகாலுக்கு ஒரு தனிச் சட்டம்

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. ஒன்பது மாத இடைவெளிக்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் பூப்பந்து மட்டையைக் கையில் எடுத்தேன். முதல் ஆட்டம் 15–6. இரண்டாவது 15–8.

தோற்றது நான் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை, ஜெயித்தது நான்.

இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு என் குதிகால் கதை தெரியும். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்ற ஆண்டு இதே மண்டபத்தில், வலையோரம் விழுந்த பந்தை எடுக்கப் பாய்ந்தேன். பின்னாலிருந்து யாரோ குதிகாலில் ஓங்கி அடித்ததுபோல் இருந்தது. என் ஜோடி பாலாதான் மட்டையால் அடித்துவிட்டார் என்று முடிவுகட்டி, தரையில் உட்கார்ந்தபடியே அவரைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அவர் பத்தடி தள்ளி நின்றிருக்கிறார். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநார் அறுந்துவிட்டது என்று பிறகு டாக்டர் சொன்னார். அக்கில்லஸ் டெண்டனாம்.

ஆபரேஷன், முழங்கால்வரை மாவுக்கட்டு, அப்புறம் ஊன்றுகோல்... குளிக்கப் போவதற்குக்கூட மனைவி வசந்தாவின் தோள் வேண்டியிருந்தது. கட்டைப் பிரித்தபோது கெண்டைக்கால் சூம்பிப்போயிருந்தது. படிக்கட்டு நுனியில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவதுதான் பயிற்சி. பிசியோதெரபி செய்த மலாய்ப் பெண்மணி, நான் கொஞ்சம் வேகம் காட்டினாலும் “பெலான், பெலான்”, மெதுவாக, மெதுவாக என்று அதட்டுவார். முதலில் நடை, பிறகு நேர்கோட்டில் ஓட்டம், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் துள்ளல். வாசகர்கள் வேறு அன்போடு ஆளுக்கொரு தைலம் எழுதி அனுப்பினீர்கள். அத்தனையையும் தடவியிருந்தால் வழுக்கிக்கொண்டே கிள்ளான் போய்ச் சேர்ந்திருப்பேன்!

நான் மறுபடி விளையாடப் போவதில் வசந்தாவுக்குத் துளியும் விருப்பமில்லை. இன்னொரு தடவை அறுந்தால் தூக்கிவிட ஆள் தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். நான் கேட்கவில்லை. இருபது வருஷமாகச் சனிக்கிழமை என்றால் எனக்கு அந்த மண்டபம்தான். இனி அங்கே நான் ஆட்டக்காரனா, இல்லை பெஞ்சில் உட்கார்ந்து புள்ளி எண்ணுகிற ஆளா? அது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

தெரிந்துவிட்டதே!

எதிரணியில் நவரத்தினம். ஷா ஆலமில் அரசாங்க உத்தியோகம், யாழ்ப்பாணத்துக்காரர், ஆட்டத்தில் ஈவிரக்கம் பார்க்காதவர். பந்தை மெல்லத் தட்டி வலையை ஒட்டி ‘ட்ராப்’ போட்டு எதிராளியை ஓடவைப்பதில் கெட்டிக்காரர். அப்பேர்ப்பட்டவரை இரண்டு வாரம் தொடர்ந்து ஜெயித்தேன். பந்தெல்லாம் என் மட்டையைத் தேடிக்கொண்டு வந்தது. அனுபவம் என்றால் சும்மாவா! ஓய்வெடுத்தால் ஆட்டம் எப்படி மெருகேறும் என்று ஆபீசில் இரண்டு பேருக்கு விளக்கம்கூடக் கொடுத்தேன்.

போன சனிக்கிழமை நவரத்தினத்தின் ஜோடி சேகர் வரவில்லை. பதிலுக்குத் தன் மச்சான் முனியாண்டியை அனுப்பியிருந்தார். சுங்கை வே பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன், எங்களுக்குப் புதியவர். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வலையோரமாக ஒரு ட்ராப் போட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. மற்ற இருவரும் செய்ததுதான் அதிசயம். புள்ளி எடுத்துக் கொடுத்த தன் ஜோடியையே நவரத்தினம் முறைத்தார். பாலா வலைக்கருகே போய், “பாஸ், இவருக்கு ட்ராப் போடக்கூடாது லா. சேகர் சொல்லலையா?” என்றார்.

இது யார் போட்ட சட்டம் என்று கேட்டேன். பாலா சட்டென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கிவிட்டார். நவரத்தினம்தான் வாயைத் திறந்தார்.

“உம்மட மனுசிதான் ஃபோன் எடுத்துச் சொன்னவா. உம்மை ஓடவிடக் கூடாதாம். நாங்கள் என்ன செய்யிறது?”

அடிப்பாவி வசந்தா... மூன்று வீட்டுக்கும் ஃபோன் போட்டிருக்கிறாள்!

எனக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. கொஞ்ச நாளாகவே பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். ஆபீஸ் வாக்குவாதத்தில் இளசுகள் ‘சரி அங்கிள்’ என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். மரியாதை என்று நினைத்துப் பூரித்துப் போயிருந்தேன். இதுவரை எத்தனை பேர் எனக்கு ட்ராப் போடாமல் விட்டிருக்கிறார்களோ, யார் கண்டது?

“இப்படித்தான் ஆடுவீங்கன்னா அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரல,” என்றேன். “ஒழுங்கா ஆடுங்க.”

ஆடினார்கள். நவரத்தினத்துக்கு இரண்டு வாரத்துப் பசி. அவருடைய முதல் ட்ராப்புக்கு என் கால் நகரவில்லை. டாக்டர் சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்த கால்தான். பயந்துவிட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இரண்டாவதுக்கும் நகரவில்லை. மூன்றாவதுக்கு என்ன தோன்றியதோ... பாய்ந்தேன். எட்டியும் விட்டேன். பந்து வலையைத் தாண்டவில்லை. போகட்டும் — கால் தாங்கியது! அதற்கப்புறம் எடுக்க முடியாத பந்துக்கெல்லாம் ஓடினேன். முடிவில் 15–3, படுதோல்வி. இருபது வருஷத்தில் எந்த வெற்றியும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

ஆனாலும் வசந்தாவைச் சும்மா விடுவதா? கேட்கவேண்டிய கேள்விகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சமையலறையில் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தொடங்குவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“இன்னைக்கும் ஜெயிச்சாச்சா?”

“இல்ல. தோத்துட்டேன். பதினஞ்சுக்கு மூணு.”

கத்தியைக் கீழே வைத்தாள். குனிந்து என் காலைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

“அப்பாடா... அப்ப கால் நல்லாயிடுச்சு,” என்றாள்.