மூடாதீங்க அக்கா

ஸ்டுடியோ அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. "மூடாதீங்க அக்கா" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கடை வாசல்வரை கொண்டுவந்து விடும். கேமராவைக் கண்ணில் வைத்ததும் "கண்ணை மூடாதீங்க, மூடாதீங்க" என்று ஓயாமல் சொல்வதால் கிடைத்த பட்டம் அது. கொடுத்தவர் அவருடைய கணவர்தான். விளக்குப் பிடிப்பது, ஃப்ரேம் அடிப்பது, நடுநடுவே மனைவியின் வாயைக் கிளறுவது, இவை மூன்றும் அவர் பொறுப்பு.

கடைக்குள் நுழைந்ததுமே ஒரு பலகை கண்ணில் படும்: "ஃபைல் கேட்காதீர்கள்." ஆல்பம் உண்டு, அச்சுப் படம் உண்டு, கம்ப்யூட்டரில் இருப்பது மட்டும் கம்ப்யூட்டரை விட்டு நகராது. அக்காவுக்குக் கொடுக்கக் கை நீளாது என்று வெளியில் பேசிக்கொள்கிறார்கள். அது அநியாயமான பேச்சு. முன்பொரு கல்யாண வீட்டுக்கு மனமிரங்கி ஃபைல்களை அப்படியே தூக்கிக் கொடுத்தவர்தான் அவர். அவர்கள் போனில் எதையோ தட்டி, மணப்பெண் முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, மாப்பிள்ளையின் மூக்கைப் பாதியாக்கி, ஓரத்திலிருந்த ஸ்டுடியோ பெயரை மட்டும் பத்திரமாக விட்டுவைத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். "அந்த மூக்கு நான் எடுத்தது இல்லைங்க" என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது? அக்காவுக்கு இருக்கும் சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான். அது கெட்டால் கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்ட வேண்டியதுதான். பலகை வந்தது அதற்குப் பிறகு. அதோடு இன்னொரு வழக்கமும் கெட்டிப்பட்டது. கண் மூடியது, தலை திரும்பியது எல்லாவற்றையும் அந்தந்த வீட்டுக்கென்று "குப்பை" என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டரில் தள்ளிவிடுவார். படம் எடுக்குமுன் வெளிச்சம் சரியா என்று பார்க்க அக்கா போய் நிற்க, கணவர் ஒன்றிரண்டு தட்டுவார். அவையும் பார்க்கப்படாமலே அங்கே போய்ச் சேரும்.

அன்றைக்கு ஆல்பம் வாங்க வந்தவர் பேக்கரிக்காரரின் மனைவி. மூன்று மகள்களும் ஒன்றுகூடியிருந்தபோது அவர்கள் வீட்டு ஹாலிலேயே எடுத்த படங்கள். கடைக்குட்டி வேலைக்காக வெகுதூர நாட்டுக்குக் கிளம்புகிறாள், ஆல்பம் அவளுக்காக. ஒருவர் விடாமல் எல்லோரும் கண்ணை நன்றாகத் திறந்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். குரலில் சுரத்தே இல்லை.

"என்ன அத்தை, ஏதாச்சும் குறையா?"

"குறை ஒண்ணும் இல்லம்மா. பொண்ணுங்க அழகா இருக்காங்க. இந்த மனுஷன் யாருன்னுதான் எனக்குத் தெரியல." விரல் பேக்கரிக்காரரின் முகத்தில் இருந்தது. "எங்க வீட்டுக்காரர் சிரிச்சா கண்ணு எங்க இருக்குன்னு தேடணும். இவரு பல்லு புடுங்கப் போனவர் மாதிரி முழிக்கறாரு. சின்னவ அப்பா சிரிப்புதான் வேணும்ங்கறா. வேண்டாம்னு கழிச்சது இருக்கும்ல? அந்த ஃபைலெல்லாம் குடுங்களேன்."

அக்கா பலகையைப் பார்த்தார். ஃப்ரேமுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த கணவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "காட்டினா தேஞ்சா போயிடும்? காட்டும்மா."

வேண்டாவெறுப்பாகத்தான் அக்கா குப்பையைத் திறந்தார். திரையில் பேக்கரிக்காரர் வரிசையாக வந்தார். சின்ன மகள் காதைத் திருகுகிறாள், மனிதர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கன்னம் பன்னாக உப்பிச் சிரிக்கிறார். "இவருதான்" என்றார் அந்த அம்மாள். கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. அக்காவுக்குச் சுருக்கென்றது. படம் எடுத்த அந்த மதியம் முழுக்க "மாமா, மூடாதீங்க" என்று விரட்டி, அவர் சிரிப்பை அடக்கிவைத்தது யார் என்று அவருக்கு இப்போது தெரிந்தது. ஆனாலும் பயம் விடவில்லை.

"அத்தை, இது வெளிய போனா கண்ணு மூடினப்ப எடுத்திருக்கா பாருன்னு என்னைத்தானே சொல்லுவாங்க?"

"ஓரத்துல உங்க பேரை நல்லாப் பெருசாவே போடுங்க. எங்க அப்பா சிரிப்பை எடுத்தவங்க இவங்கதான்னு அவ நாலு பேருகிட்ட சொல்ல வேண்டாமா?"

அக்கா மேஜை இழுப்பறையில் ஒரு பென் டிரைவைத் தேடி எடுத்தார். படங்களைப் பொறுக்கி எடுக்க நேரமில்லை, மகள் மறுநாளே கிளம்புகிறாள். பெயரை மொத்தமாகப் பதித்து, ஃபோல்டரை அப்படியே அதில் ஏற்றிக் கையில் கொடுத்தார். "மூக்கை மட்டும் தொடக்கூடாதுன்னு சொல்லிடுங்க" என்றார்.

சில வாரங்கள் கழித்து அந்த அம்மாள் மகள் அனுப்பியதைக் காட்டக் கையில் போனோடு வந்தார். மகள் தன் அறைச் சுவர் முழுக்க அப்பாவை ஒட்டியிருந்தாள். நடுவில் ஒரு படத்தில் மட்டும் வேறொரு பெண், அதே ஹாலில், அதே ஜன்னல் வெளிச்சத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிச் சிரிக்கிறாள். "இந்த அக்காவும் நம்ம அப்பா மாதிரியே சிரிக்கறாங்கம்மா, அதான் இதையும் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன்னு சொல்றா."

வெளிச்சம் பார்க்க நின்றபோது எடுத்தது. "மேடம், கண்ணை மூடாதீங்க" என்று கணவர் தன்னைப் போலவே பேசிக் காட்டியது அக்காவுக்கு நினைவு வந்தது. அத்தனை பேரை எடுத்தவருக்குத் தன் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அதுவரை தெரியாது. போனைத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணு மூடியிருக்கே. குப்பையிலயே கிடக்கட்டுமா?" என்று கேட்டார் கணவர்.

"வேண்டாம், ஃப்ரேம் போடுங்க" என்றார் அக்கா. "ஓரத்துல என் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போடுங்க. எடுத்தது நீங்கதானே."