புனேயிலிருந்து நேகா மேடம்

புகழ்ச்சியை மொத்தமாகத் தயாரித்துச் சில்லறையாக விற்பதுதான் எங்கள் தொழில். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக் கடைக்கு மாடியில் ஆபீஸ். உத்தியோகக்காரர்கள் தங்கள் பெருமையைப் போட்டுக்கொள்ளும் வலைத்தளம் ஒன்று இருக்கிறதே, அதில் யாராவது ஏதாவது எழுதினால் "அபாரமான சிந்தனை சார்!" என்று முன்பின் தெரியாதவர்கள் ஓடிவந்து சொல்வார்கள். அந்த முன்பின் தெரியாதவர்கள் நாங்கள்தான். பணம் கட்டிய வாடிக்கையாளருக்காக, உலகத்திலேயே இல்லாத ஆட்களின் பெயரில் கருத்துப் போடுவோம். கரியாலூரில் விடுதி நடத்துபவர் முதல் டியூஷன் சென்டர்காரர் வரை எல்லோரும் எங்களிடம் வருகிறார்கள். எழுதுவதெல்லாம் இங்கிலீஷில், இங்கே தமிழில் சொல்கிறேன். வயிற்றுப்பாட்டுக்காக நீங்களும் எங்கேயாவது பல்லிளிக்கிறவராக இருந்தால் என் கூச்சம் உங்களுக்குப் புரியும்.

முதல் வரியே போதும்

எங்கள் சூப்பர்வைசர் சுமதி அக்கா நான் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்த விதி: எதையும் முழுசாகப் படிக்காதே. பதிவு வந்த சூட்டோடு கருத்துகள் குவிந்தால்தான் அது நாலு பேர் கண்ணில் படும். அதனால் முதல் வரியைப் பார், பாராட்டு, அடுத்த போலிக் கணக்குக்குத் தாவு.

ரைஸ் மில் முதலாளி ஒருவர் எழுதினார்: "ரொம்ப வருடம் எங்களோடு உழைத்த கணக்குப்பிள்ளை இன்று விடைபெற்றார்." பாய்ந்தோம். "ஓய்வுக்காலம் இனிக்கட்டும்!" என்றான் ஒருவன். நான் என் பங்குக்கு, "போகிற இடத்திலும் முத்திரை பதிப்பார்!" என்று போட்டேன். மாரடைப்பு மூன்றாவது வரியில் இருந்தது. முதலாளிக்குப் போன் போட்டு, மன்னித்துவிடுங்கள், எல்லாவற்றையும் உடனே எடுத்துவிடுகிறோம் என்றேன். அவர் பதறிப்போய்ச் சொன்னார்: "அய்யய்யோ, அழிச்சிடாதம்மா, நம்பரு கம்மியாயிடும்!"

ஏழுமலை அண்ணன் நன்றி சொன்னது

இவர்களெல்லாம் பெருமைக்கு வந்தவர்கள். ஏழுமலை அண்ணன் சோற்றுக்கு வந்தவர். திருக்கோவிலூர்ப் பக்கத்துக்காரர். ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து, ஆட்குறைப்பில் வெளியே வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் யாரும் கூப்பிடவில்லை. மகள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் காலேஜில் சேர்ப்பதற்குள் ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. எங்கள் போர்டைப் பார்த்துவிட்டுப் படியேறி வந்தார்.

"எனக்கு வேலை போய்விட்டது. சூப்பர்வைசர் வேலை எங்கிருந்தாலும் வருகிறேன்" என்று அவரே எழுதி வைத்திருந்தார். இதை எவன் நின்று படிப்பான் என்று அக்கா என்னிடம் தள்ளினார். நான் "என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். நான் நன்றி சொன்னேன்" என்று ஆரம்பித்து, தோல்வி கற்றுத்தந்த பாடங்களாக அவர் பெயரில் சரமாரியாக அவிழ்த்துவிட்டேன். அவர் போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். முகம் சுண்டிவிட்டது. வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தப் பெண் படித்தவள், தெரிந்துதான் செய்வாள் என்று நினைத்திருப்பார். ஒன்று மட்டும் கேட்டார்: "நான் எங்கம்மா நன்றி சொன்னேன், கம்பெனி கேட்டாண்ட நின்னு அழுதுக்கினு இல்ல இருந்தேன்?"

தயார் வாக்கியம்

பதிவு பிய்த்துக்கொண்டு போனது. பிய்த்துவிட்டது நாங்கள். என்னுடைய போலிகளில் பெரிய ஆள் நேகா, புனேயில் எச்.ஆர். மேனேஜர். நேகாவின் பெயரில், "உங்களைப் போன்றவரைத்தான் எங்கள் நிறுவனம் தேடிக்கொண்டிருக்கிறது" என்று போட்டேன். எங்களிடம் எப்போதும் தயாராக இருக்கிற வாக்கியம் அது. காய்கறிக்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலை மாதிரி, கேட்காமலே எல்லோருக்கும் போடுவோம். மற்ற வாடிக்கையாளர்கள் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள். ஏழுமலை அண்ணன் ஆளைப் பார்த்தார். கண்ணில் பட்ட ஒவ்வொரு கருத்துக்கும் தனித்தனியாக வணக்கம் வைத்துப் பதில் எழுதினார். நேகாவுக்குப் பயோடேட்டாவையே அனுப்பி, "மேடம், புனேக்கு எப்போது வர வேண்டும்? முதலில் நான் மட்டும் வந்துவிடுகிறேன்" என்று கேட்டிருந்தார்.

படித்த கையோடு அக்காவிடம் காட்டி, பாவம், உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்: "விரைவில் பேசுகிறோம்னு ஒண்ணு போட்டு வுடு கோமதி, கஸ்டமரு சந்தோசமா இருந்தா ஒனக்கு இன்னா கஷ்டம்?"

நாங்கள் எழுதாத ஒன்று

நேகா பெயரில் அதைப் போட்டும் விட்டேன். இதைச் சொல்லும்போது இப்போதும் தலை நிமிரவில்லை.

மாதக் கடைசியில் வாடிக்கையாளருக்கு ரிப்போர்ட் தயாரிக்க, வந்த கருத்துகளையெல்லாம் ஒரு ஓட்டு ஓட்டுவோம். அப்படி ஓட்டியபோது, எங்கள் குப்பைக்கெல்லாம் அடியில், யாரும் தேடிப் போய்ப் பார்க்காத இடத்தில் ஒன்று கிடந்தது. பாராட்டு இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. "சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி மில். சூப்பர்வைசர் தேவை. நேரில் வரவும்." கூடவே போன் நம்பர். எங்களில் யாரும் எழுதியதில்லை. அந்தக் குவியலில் நிஜமான ஆள் அவர் ஒருவர்தான். அதற்கு மட்டும் பதில் வணக்கம் இல்லை, அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை.

வராந்தாவுக்கு ஓடிப்போய் நானே கூப்பிட்டேன். மில் மேனேஜர் எடுத்தார். நல்ல மனிதர், நிஜமாகவே வருத்தப்பட்டார்: "கொஞ்ச நாளு பாத்தோம்மா, அப்புறம் புனே மேடம்லாம் கூப்புடறாங்களே, அவரு நம்ம மில்லுக்கு இன்னாத்துக்கு வரப்போறாருன்னு வேற ஆளப் போட்டுட்டோம்."

நேரில் சொன்னது

மறுநாள் லீவு போட்டுத் திருக்கோவிலூருக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் டீக்கடைக்கு வந்தார். புனேயில் குளிரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஸ்வெட்டர் விலை விசாரித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். மேடம் ஏதாவது சொன்னார்களா என்று ஆசையாகக் கேட்டார். "நான்தாண்ணா அந்த மேடம்" என்றேன். மில் விஷயத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அழுதுவிட்டு வந்திருப்பேன். அவர் திட்டவில்லை. போனை எடுத்து அந்தக் கருத்துகளை விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனார். தினமும் சாயங்காலம் அவற்றை வீட்டில் படித்துக் காட்டுவாராம். அதைக் கேட்டுத்தான் மனைவிக்குத் தைரியம் வந்ததாம். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. கடைசியில் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "இவ்ளோ எழுதிக்கிறீங்களேம்மா, இதுல ஒண்ணாச்சும் நெசமா நெனச்சு எழுதினியா?"

ஆயிரம் பொய்க் கைகளைத் தட்டவிட்டு, சோறு போட வந்த ஒரே நிஜக் கையை மறைத்துவிடும் இந்தத் திறமைக்கு, சுமதி அக்கா என்னைச் சீனியர் ஆக்கியிருக்கிறார்.