கேப்பை நானே ஒட்டினேன்

கும்மிடிப்பூண்டியில் ரப்பர் பாகங்களை ஒட்டும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். சுத்தமாகத் துடைக்காமல் ஒட்டினாலோ, கண்ட பசையைப் போட்டாலோ எனக்குக் கீழே வேலை செய்யும் பெண்களைத் திட்டித் தீர்த்துவிடுவேன்.

போன மாதம் நாத்தனார் மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பும் நேரத்தில், என் முன்பல்லுக்குப் போட்டிருந்த கேப் கழன்று கையில் வந்துவிட்டது.

"டாக்டராண்ட காட்டிக்கினு போலாம், வா" என்றார் கணவர்.

"ஒட்டறதுதான் என் வேலையே. நீ போய் வண்டிய எடுய்யா" என்று சொல்லி, செருப்பு ஒட்ட வைத்திருந்த பசையால் நானே ஒட்டிக்கொண்டேன். விசேஷத்தில் எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசினேன்.

சில நாட்களில் ஈறு வீங்கி, வலி தாங்கவில்லை. டாக்டரம்மா கேப்பைக் கழற்றியபோது, உள்ளே இருந்த என் பல்லும் உடைந்து அதோடு வந்தது.

"கேப்புக்கு ஒண்ணும் ஆகலம்மா, உங்க பல்லுதான் போச்சு. அன்னிக்கே வந்திருந்தா சுத்தம் பண்ணி இதையே ஒட்டியிருப்பேன்" என்றவர், "எங்க வேலை செய்றீங்க?" என்று கேட்டார்.

"ரப்பர் கம்பெனில" என்றேன். ஒட்டுற வேலை என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

கடைவாயில் இன்னொரு கேப் இருக்கிறது. அது லேசாக உறுத்தினாலே டாக்டரிடம் ஓடிவிடுகிறேன். கம்பெனியில், "கண்ட பசையைப் போடாதே" என்று இப்போதும் சொல்கிறேன், கையால் வாயை மூடிக்கொண்டு.