பாவு ஓரமாக நடந்த போலீஸ்காரன்

போதைப்பொருள் தடுப்புப் பிரிவில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவனுக்குக் கடைசியில் மிஞ்சுவது இரண்டுதான்: யாரைப் பார்த்தாலும் சந்தேகம், எதை மோந்தாலும் தும்மல். எனக்குக் கூடுதலாகத் தொடைக்குள் ஒரு கம்பியும் மிஞ்சியது.

கால் ஒடிந்து படுத்து, பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் சாத்துக்குடியையும் அறிவுரையையும் சேர்த்து விழுங்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். யாருக்கு எப்போது ஒடியும் என்று யார் கண்டது?

கையை நீட்டினால் நிற்கும்

தென்னேரிக்குப் போகிற ரோட்டில் ஒரு மத்தியான நேரம். தேங்காய் லோடுக்கு அடியில் கஞ்சா மூட்டைகளோடு ஒரு வேன் வருவதாகத் தகவல். இரண்டு வருஷமாக எங்களுக்குத் தண்ணி காட்டிய கும்பலின் வேன் அது. நடு ரோட்டில் நின்று கையை நீட்டினேன். காக்கிச் சட்டையைப் பார்த்தால் எந்த வண்டியும் நிற்கும் என்பது என் நம்பிக்கை. டிரைவருக்கு அந்த நம்பிக்கை இல்லை.

‘உயிரைத் துச்சமென மதித்து வேனை மறித்த சப்-இன்ஸ்பெக்டர்’ என்று மறுநாள் பேப்பரில் போட்டார்கள். உண்மையில் நான் ஒதுங்கத்தான் பார்த்தேன். இடதா வலதா என்று யோசிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. தொடை எலும்பு இரண்டு இடத்தில், இடுப்பு ஒரு இடத்தில். வேன் கொஞ்ச தூரம் போய்ப் புளியமரத்தில் மோதி நின்றது. டிரைவர் சிக்கினான், சரக்கும் சிக்கியது, அவன் வாயிலிருந்து தலைவன் பெயரும் வந்தது. என்னை ஜீப்பில் படுக்கவைத்துக்கொண்டு போகும்போது கான்ஸ்டபிள் முருகேசன் அழுதுகொண்டே சொன்னது இது:

“ஓடுற வண்டிக்கு முன்னாடி நிக்கக்கூடாதுன்னு போன வாரந்தான சார் எங்களுக்குக் கிளாஸ் எடுத்தீங்க!”

ஊசியும் மகஜரும்

எதைப் பறிமுதல் செய்தாலும் இரண்டு சாட்சிகளை வைத்து மகஜர் எழுதுவது எங்கள் பிழைப்பு. ஆபரேஷன் முடிந்து அரை மயக்கத்தில் கிடந்தபோது, நர்ஸ் வலி தெரியாமலிருக்க ஊசி எடுத்துவந்தார். என்ன மருந்து என்று கேட்டேன். சொன்னார். அபினிலிருந்து வருகிற சரக்கு! சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “சாட்சி ரெண்டு பேரைக் கூப்பிடுங்க, மகஜர் எழுதணும்” என்றேனாம். எனக்கு ஞாபகமில்லை. என் மனைவி செல்விக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது, வருகிறவர்களுக்கெல்லாம் நடித்தே காட்டுவாள்.

சிரிக்க முடியாத பாதியையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வாரம் டாக்டர் அந்த ஊசியை நிறுத்தினார். சாயங்காலம் நாலு மணியானால் என் கண் தானாகக் கதவுப் பக்கம் போகும். கை நடுங்கும், எரிச்சல் வரும். நான் பிடித்துக்கொண்டுவந்த எத்தனையோ பேர் லாக்கப்பில் அப்படி உட்கார்ந்திருந்தார்கள், நடிக்கிறார்கள் என்று நினைத்து அதட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடுதான் நர்ஸிடம் இன்னும் ஒரே ஒரு ஊசி என்று கெஞ்சினேன். அவர் டிரேயைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“இப்ப உங்களை யார் சார் புடிக்கிறது?”

தெருமுனையில் ஒருவன்

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, செல்வியின் ஊரான, பட்டு நெசவுக்காரர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் வாடகைக்கு வந்தோம். வேலை போனாலும் வழக்கு இருந்தது. அதில் நான்தான் முதல் சாட்சி. நான் போய்ச் சொல்லாவிட்டால் வழக்கு படுத்துவிடும், ஜாமீனில் இருக்கிற தலைவன் கையை வீசிக்கொண்டு நடப்பான். அதனால் ஆள் அனுப்புவான் என்று ஜன்னல் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அனுப்பினான். அப்படித்தான் நினைத்தேன். வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை, மூன்று நாளாக டீக்கடையில் நின்று எங்கள் வரிசை வீடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலாம் நாள் செல்வியை விட்டு உள்ளே கூப்பிடச் சொல்லி, நாற்காலியில் உட்காரவைத்து அரை மணி நேரம் துளைத்தெடுத்தேன். பை நிறைய மாகறல் கோயில் விபூதியும், ஒரு ஜாதக நகலும். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி மாப்பிள்ளை வீட்டுக்காகச் சத்தமில்லாமல் விசாரிக்க வந்த பெரியப்பா அவர். பாவம், போகும்போது கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பொண்ணு பத்தி நாங்க ரெண்டு கேள்விதான் கேட்டோம் சார். நீங்க எங்க பையனோட கொள்ளுத்தாத்தா வரைக்கும் கேட்டுட்டீங்க!”

சர்டிபிகேட்

பிசியோதெரபிக்கு ஷாஹிதா என்ற பெண் வீட்டுக்கே வருவார். ஒலிமுகமதுபேட்டைக்காரர். என் காலை மடக்கும்போது அவர் முகத்தில் இரக்கமே இருக்காது.

ஒருநாள் சம்மன் வந்தது. கோர்ட்டுக்குப் போக நடந்து பழகலாமென்று தடியை ஊன்றி வாசல் தாண்டி நாலு அடி வைத்தேன். தண்ணீர் கேன் போடுகிற மினி வேன் தெருவுக்குள் திரும்பியது. அடுத்த நிமிஷம் நான் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. சாருக்கு என்ன ஆச்சு என்று வேன்காரர் கேட்க, “செருப்பு தேடுறார்” என்று செல்வி சமாளித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், கும்பல் என் தலையில் துப்பாக்கி வைத்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அன்று சாயங்காலம் ஷாஹிதாவிடம், கால் சரியாகவில்லை, ஆறு மாசம் நடக்கக்கூடாது என்று எழுதிக் கொடுங்கள், கோர்ட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றேன். அவர் என் முட்டியை விடாமலே பதில் சொன்னார்.

“எலும்பு நல்லா கூடிக்கிச்சு சார். பயந்துக்கினு இருக்காருன்னு வேணா எழுதித் தரேன், அனுப்புறீங்களா?”

இழை

எங்கள் தெருவில் பாவு நீட்டுகிற நாளில் காலை ஆறு மணியிலிருந்து சைக்கிள்கூட நுழையாது. மூன்று புடவைக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்துக் காயவைப்பார்கள். இரண்டு பக்கமும் கட்டை போட்டு வழியை அடைத்துவிடுவார்கள். செல்விதான் யோசனை சொன்னாள்: “அது முடியற வரைக்கும் எந்த வேனும் வராதுங்க. நடங்க.”

நடந்தேன். பாவை ஒட்டி இந்த முனைக்கும் அந்த முனைக்கும். இரண்டு நாள் ராஜநடைதான். மூன்றாம் நாள் அடுத்த தெருவில் எவனோ ஹாரன் அடித்தான். எனக்குக் கால் பின்னியது. விழாமலிருக்கக் கையில் அகப்பட்டதைப் பிடித்தேன். பிடித்தது பாவு.

இழைகள் அறுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. அது எதிர்வீட்டுத் தனலட்சுமி அக்காவின் பாவு. முகூர்த்தத்துக்குத் தரவேண்டிய புடவை. திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்காரவைத்து, அறுந்த முனைகளை விரலால் முறுக்கிச் சேர்க்கச் சொன்னார். நான் வியர்த்து விறுவிறுத்து இரண்டு இழை சேர்ப்பதற்குள் அவரும் இன்னும் இரண்டு பேருமாக மிச்சத்தை முடித்துவிட்டார்கள். எழுந்து, இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன் அக்கா என்றேன்.

“அறுந்தா சேத்துக்கலாம் சார், அதுக்காக நடக்கறத நிறுத்திடாதீங்க. ஆனா நாளைலேந்து அந்தச் செவுத்து ஓரமா நடங்க!”

இதுதானா அது?

அதன்பிறகு எந்தத் தெருவில் பாவு என்று விசாரித்து விசாரித்து நடந்தேன். ஒருநாள் கட்டையை எடுத்த பிறகும் நான் பாதித் தெருவில் இருந்தேன். ஒரு லோடு வேன் வந்தது. சுவரோடு ஒட்டி நின்றேன், கண்ணை மூடிக்கொண்டேன். அது பாட்டுக்குப் போயிற்று. கண்ணைத் திறந்தபோது நின்றுகொண்டுதான் இருந்தேன். வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கோர்ட்டில் கூண்டேறிச் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கி மடக்கிக் கேட்டார், ஷாஹிதா மடக்கியதைவிட அது ஒன்றும் பெரிதில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தால், வழக்குச் சொத்தை அடையாளம் காட்டவேண்டும் என்றார்கள். நீதிபதியும் வெளியே வந்துவிட்டார். வளாகத்தின் பின்பக்கம், வேப்பமரத்தடியில் அந்த வேன் நின்றது. நாலு டயரிலும் காற்றில்லை. பம்பரில் கொடி படர்ந்திருந்தது.

முப்பது அடி இருக்கும். தடியைச் செல்வியிடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, வீம்புதான். அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். நேருக்கு நேர் போய் நின்று, பானெட்டின் மேல் கையை வைத்து, “இதுதான் ஐயா” என்றேன். குரல் எலிக்குரலாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை. தலைவன் வேறுபக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு கான்ஸ்டபிள் பிடியில் நின்ற டிரைவர் மட்டும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தாண்டிப் போகும்போது மெதுவாகச் சொன்னான்.

“நீங்க இனிமே நடக்கவே மாட்டீங்க, சாட்சி சொல்ல வரமாட்டீங்கன்னு எங்க ஆளுங்க தைரியம் சொல்லி வெச்சிருந்தாங்க சார்.”

பதினாறு வருஷ சர்வீஸையும் சேர்த்து நான் செய்த ஒரே வீரச்செயல், காற்றுப் போன ஒரு வேனிடம் முப்பது அடி நடந்து போனதுதான்.