இடப்பக்கம் போன வயர்

போன மாதம் எங்கள் பழைய மொறிஸ் மைனர் காருக்குப் புதிய தரைவிரிப்புப் போடக் கொடுத்திருந்தேன். வேலை செய்த பொடியன் பழைய விரிப்பை உரித்துப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"எந்த மடையன் அக்கா இந்த வேலை பாத்தது? பவர் வயரும் பாட்டு வயரும் ஒண்டாப் போகுது. இரையுமெல்லோ. பிரிச்சு விடட்டா?"

வேண்டாம், அப்படியே மூடிவிடு என்றேன். அந்த மடையன் நான்தான் என்று அவனிடம் சொல்லவில்லை. முப்பது வயது தாண்டியவளுக்கும் கொஞ்சம் மானம் மரியாதை வேண்டுமே.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் எழுதுவினைஞர். கார் அப்பாவை விட வயதில் மூத்தது. எங்களைக் கோபிக்க நேரமில்லாத அப்பா அதைத் துடைக்க மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நேரம் கண்டுபிடிப்பார். அம்மாவின் தம்பியான மாமா அந்த வருடம் கட்டாரிலிருந்து மூன்று கிழமை விடுமுறையில் வந்தபோது, விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டே, காரில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டும் ஓர் அம்பிளிபயரைக் கொண்டுவந்தார். தன்னைப் படிக்க வைத்த அக்காவுக்கான பரிசு அது. அக்காவுக்குப் பாட்டென்றால் உயிர் என்பது அவர் மனதில் இருந்த கணக்கு. அந்த அக்கா கொஞ்சக் காலமாக றேடியோப் பக்கமே போவதில்லை என்பது அவருக்குத் தெரியாது. கூப்பிட்டாலும் அம்மா சட்டென்று திரும்பமாட்டார். நாங்கள் எல்லாரும் வாய்க்குள்ளேயே கதைக்கிறோம் என்று குறை வேறு சொல்லுவார். அம்மாவுக்குப் பெருமை கூடிப்போய்விட்டது என்று நானும் என் பங்குக்கு முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

பழைய கார் என்பதால் பற்றரியின் பிளஸ் முனை காரின் தகர உடம்போடு பூட்டியிருந்தது; புது அம்பிளிபயருக்கு அது சரிவராது. அதை மாற்றிப் பூட்டவே மாமாவுக்கு ஒரு முழுப் பகல் போனது. அடுத்த நாள் பற்றரியிலிருந்து டிக்கியில் இருந்த அம்பிளிபயர் வரை பவர் வயரை இழுக்க வேண்டும். எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் இடையிலுள்ள தகரத்தில் ஒரு ஓட்டை. தகரம் வயரை வெட்டாமலிருக்க அதில் றப்பர் வளையம் போட்டார் மாமா. உள்ளேயிருந்து பிடித்து இழுத்தது என் கை. விரிப்பின் கீழே நுழைய அந்த வீட்டில் என் கைதான் அளவாக இருந்தது. பவர் வயர் இடப்பக்கத்தால் போனது. பாட்டைக் கொண்டுபோகும் மெல்லிய வயர் மட்டும் வலப்பக்கத்தால்தான் போகவேண்டும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போனால் எஞ்சின் இரைவது பாட்டுக்குள் வந்துவிடும் என்று மாமா இரண்டு தரம் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் வலப்பக்க விரிப்பின் கீழே கையை விட்டேன். மெத்தென்று ஏதோ பட்டது. பட்டதும் அசைந்தது. எலிக்குஞ்சாக இருக்கலாம். பார்க்க நான் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, பாட்டு வயரையும் இடப்பக்கத்தாலேயே தள்ளி, விரிப்பை மூடி, மேலே ஏறி மிதித்துச் சமப்படுத்தினேன். முனைகள் இரண்டும் வரவேண்டிய இடத்தில் வந்திருந்தன.

"முடிஞ்சுதா பிள்ளை?"

"ஓம் மாமா."

அதோடு விட்டாரா? வேலியால் எட்டிப் பார்த்தவர்களிடமெல்லாம், "என்ர மருமகள்தான் வயர் இழுத்தவ" என்றார். ஒவ்வொரு தரமும் நான் மாமாவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

பின்னேரம் நிலாவெளிப் பக்கம் ஓடிப் பார்க்கக் கிளம்பினோம். அப்பாவும் மாமாவும் முன்னால், நானும் அம்மாவும் பின்னால். பாட்டு அருமையாகத் தொடங்கியது. கார் வேகமெடுத்ததும் அதற்குள்ளிருந்து கூர்மையாக ஓர் இரைச்சல் எழுந்து, வேகத்தோடு சேர்ந்து மேலே மேலே ஏறியது. எனக்குப் பல் கூசியது. மாமாவின் பின்கழுத்து வியர்த்திருந்தது. கடைசியில் அவர் திரும்பி, குரலைத் தாழ்த்தி, எப்படியிருக்கிறது என்று அம்மாவைக் கேட்டார்.

"வடிவாக் கேக்குது தம்பி," என்றார் அம்மா. அவர் முகம் நிறையச் சிரிப்பு.

"இரைச்சல் ஒண்டும் இல்லையா அக்கா?"

"என்ன இரைச்சல்? பாட்டு மட்டும்தானே கேக்குது."

அப்பா அக்சிலேற்றரை இன்னும் அழுத்தினார். இரைச்சல் கீச்சிட்டது. அம்மா பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அப்பாவின் கண்கள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தன.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அம்மாவுக்கு என் கள்ள வேலை தெரியும், என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொல்கிறார். நன்றி தாங்காமல் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தேன். அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டுத் தானும் இறுக்கினார். பெருமைக்காரி என்று முறைத்ததற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த நாள் விரிப்பைக் கழற்றிப் பார்க்கப்போன மாமாவை அப்பா தடுத்தார். "விடு மச்சான். அது அப்படியே இருக்கட்டும்." அப்பாவுக்கும் தெரிந்துதான் விட்டுக்கொடுக்கிறார் என்று அவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டேன். மாமா விடுமுறை முடிந்து போனார். அப்பாவும் அம்மாவும் இரண்டு தரம் கொழும்புக்குப் போய் வந்தார்கள். அம்மாவுக்குத் தலைச்சுற்று என்றார்கள். திரும்பி வந்தபின் அம்மா தலைமுடியைக் காதை மூடி வாரத் தொடங்கினார். புது நாகரிகம் போலும் என்று விட்டுவிட்டேன்.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களை அதே வீதியால் கூட்டிப் போனார். இந்த முறை அம்மா முன்னால், நான் பின்னால். அப்பா பாட்டுப் போடவில்லை. பாட்டுச் செற்றை வெறுமனே போட்டுவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

"இதென்ன, நுளம்பு இரையிற மாதிரி ஒரு சத்தம்?" என்றார் அம்மா. "ஓடவோட ஏறிக்கொண்டு போகுது."

அப்பா காரைக் கரையில் நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சரி, பிடிபட்டாயிற்று என்று நினைத்து நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வலப்பக்கம், எலிக்குஞ்சு, சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை.

அப்பா இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். அவர் என்னைத் தூக்கி, கண்ணீர் ஒழுகும் முகத்தோடு கொஞ்சினார். "நல்ல வேலை செய்தாய் பிள்ளை," என்றார். நிலாவெளியில் எனக்கு இரண்டு ஐஸ்கிரீம் கிடைத்தது. உண்மை சொன்னதற்கான கூலி அது என்று நம்பி, அடுத்த சில மாதங்கள் செய்த குற்றம் செய்யாத குற்றம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு பார்த்தேன். ஒன்றுக்கும் ஐஸ்கிரீம் வரவில்லை.

அம்மா முடியால் மூடி மறைத்தது கொழும்பில் வாங்கிய காதுக் கருவியை என்று வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வயர் வலப்பக்கத்தால் போயிருந்தால், அம்மாவின் காதில் குறை என்று இன்னும் எத்தனை வருடம் கழித்துத் தெரிய வந்திருக்குமோ. அந்த எலிக்குஞ்சுக்கு நான் இன்றைக்கும் நன்றியுள்ளவள்.

அன்றைக்கு அப்படியில்லை. திரும்பி வரும்போது எனக்கு அம்மாவில்தான் கோபம். இவ்வளவு நாள் மறைத்தவர் இன்றைக்கு ஏன் இரைச்சலைப் பற்றி வாய் திறந்தார்? பின் இருக்கையில் குனிந்து, எனக்கே கேட்காத குரலில், "காட்டிக் குடுத்திட்டா" என்று முணுமுணுத்தேன்.

"ஆர் ஆரைக் காட்டிக் குடுத்தது?" என்றார் அம்மா, திரும்பாமலே.

நான் இருக்கைக்குக் கீழே வழுக்கி இறங்கினேன். இனி இந்த அம்மாவிடம் ஒன்றையும் ஒளிக்க ஏலாது என்று மட்டுமே நினைத்தேன்.