மூன்றாம் பாட்டிலில் இருந்த அமிலம்

மாணவி ஒருத்தி சரியாக எழுதியதைத் தேர்வாளர் தவறென்று அடித்தபோது நான் வாய் திறக்காமல் நின்றேன். தவறு என்னுடையது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கோவில்பட்டிப் பள்ளியொன்றில் பிளஸ் டூ வேதியியல் ஆசிரியராக இருந்தேன். செய்முறைத் தேர்வில் பெயர் தெரியாத கரிமச் சேர்மம் ஒன்றைச் சோதித்து, அது இன்னதென்று எழுத வேண்டும். பெயர் தெரியாதது என்பது பேச்சுக்குத்தான். எண் ஒட்டிய பாட்டில்களில் மூன்றாவதில் இருப்பது பென்சாயிக் அமிலம் என்று முதல் நாளே பிள்ளைகளிடம் நானே சொல்லிவிடுவேன். எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதானே என்று ஒரு சமாதானம்.

அந்த வருடம் அவசரத்தில், அலமாரியில் பக்கத்திலிருந்த சின்னமிக் அமிலத்தை எடுத்து அந்தப் பாட்டிலில் நிரப்பிவிட்டேன். இரண்டும் வெள்ளைத் தூள். இரண்டிலும் பென்சீன் வளையம் உண்டு. எரித்தால் கரும்புகை வரும். வளையத்துக்குள் மூன்று இரட்டைப் பிணைப்பு வரைகிறோமே தவிர, அந்த எலக்ட்ரான்கள் வளையம் முழுவதும் பரவிக் கிடக்கின்றன. ஆரஞ்சு நிறப் புரோமின் நீர் அதை லேசில் அசைக்காது. வளையம் வேறொன்றோடு ஒட்டி நின்றால் பீனைல் என்று பெயர். சின்னமிக்கில் அந்தப் பீனைலை ஒட்டி, வெளியே, தனியாக ஓர் இரட்டைப் பிணைப்பு. அது புரோமினைப் பிடித்துக்கொள்ளும்; ஆரஞ்சு நிறம் போய்விடும். நிறைவுறாத சேர்மம் என்பதற்கு அதுதான் அடையாளம்; பென்சாயிக்கில் அது நடக்காது.

மூன்றாம் பாட்டில் கிடைத்த மற்றவர்கள் சோதிக்காமலே நான் சொன்னதை எழுதினார்கள். எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் மட்டும் சோதித்து, கண்ணால் பார்த்ததை எழுதினாள்: வளையம் உண்டு, நிறைவுறாதது. வெளியிலிருந்து வந்த தேர்வாளரிடமும் நான் பென்சாயிக் என்றுதான் சொல்லியிருந்தேன். அவர் அவள் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏட்டி, வளையம்ங்கே, நிறைவுறாததுங்கே. புரோமின் தண்ணிக்கு வளையம் அசையுமா?”

“வளையத்துக்கு வெளிய ஒண்ணு இருக்கு சார். கலர் போயிட்டு.”

“அண்ணாச்சி,” என்று என் பக்கம் திரும்பினார், “இவ அப்பாகிட்ட சொல்லி ஒரு கண்ணாடி வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க.”

அப்போதுதான் அலமாரியில் நான் மாற்றி எடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். இன்ஜினியரிங் சேர அவளுக்கு ஒவ்வொரு மார்க்கும் வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் விடைகளை முன்கூட்டியே சொன்னதும் வெளியே வரும். அவர் விடையை அடிக்கும்வரை பேசாமல் இருந்தேன்.

சாயங்காலம் மனசு கேட்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். தேர்வாளர் கழுகுமலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“மார்க்கை சீல் வச்சு அனுப்பியாச்சே! இப்ப பிரிக்கச் சொன்னா நம்ம ரெண்டு பேரு வேலையும் போவும். பேசாம வீட்டுக்குப் போங்க.”

போனேன். மேலிடத்துக்கு எழுதத் துணிவில்லை.

கொஞ்ச மார்க்கில் அவளுக்கு இன்ஜினியரிங் இடம் போயிற்று. மார்க் ஷீட் வாங்க வந்தவளிடம் உண்மையைச் சொன்னேன்.

“அன்னைக்கே தெரியுமா சார்?”

“தெரியும்.”

“அப்ப அங்கனயே சொல்லிருக்கலாம்லா.”

உள்ளூர்க் கல்லூரியில் பேசி பி.எஸ்ஸி. இடம் வாங்கித் தருகிறேன் என்றேன்.

“வேண்டாம் சார். நானே பாத்துக்கிடுதேன்.”

அடுத்த வருடம் பாட்டில் விடைகளை நான் யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு மார்க் குறைந்தது. பெற்றோர்கள் தலைமை ஆசிரியரிடம் போய் நின்றார்கள். என்னைப் பத்தாம் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். என் இடத்துக்கு வந்தவர் பழையபடியே விடைகளைச் சொல்லிக் கொடுத்தார். அவள் எங்கே சேர்ந்தாள் என்று விசாரிக்க எனக்கு முகமில்லை.